இரு நாழிகை: மலையும் மணியும் மனமும் அளந்த காலம்

இராசபாளையத்தில் மாலைப் பொழுது மற்ற ஊர்களைக் காட்டிலும் விரைந்து வருவதுபோல் தோன்றும். மேற்கே மதில்போல் நீண்டு நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதற்குக் காரணம். பஞ்சாங்கம் குறித்த நேரத்துக்கு முன்பே ஞாயிறு மலைமுகட்டுக்குப் பின்னே சென்றுவிடும். வானில் வெளிச்சம் நிறைந்திருக்கும். ஊர்மீது மட்டும் மலையின் நிழல் படர்ந்திருக்கும்.

அவ்வூரில் ஆசிரியப் பணியாற்றிய நாளில், கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், சிறப்பு வகுப்பு முடிந்ததும் உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் அன்போடு வடையும் தேநீரும் வாங்கி வந்தார். நான் வேண்டாமென்றேன். "மணி அஞ்சேகால்தானே சார் ஆகுது? இன்னும் வெயில்கூட இருக்கே!" என்றார் அவர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டனார் கற்பித்த வழக்கம் அது: ஞாயிறு மறைய இரு நாழிகை இருக்கும்போதே உண்கலத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். வழக்கத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரவில் உண்ணாமைக்கு அறநூல்கள் கூறும் காரணம் தெளிவானது. இருளில் கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் உணவோடு சேர்ந்து மாளும். ஆதலின் கொல்லா நோன்பின் ஒரு கூறு அது. ஆனால், வெளிச்சம் இருக்கும்போதே இரு நாழிகையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அந்த வினா என்னை நெடுநாள் தொடர்ந்தது. சுவரில் ஒரு கடிகாரம், மேற்கே ஒரு மலை, வயிற்றில் ஒரு பசி. இம்மூன்றும் மூன்று பொழுதுகளைச் சொல்கின்றன. இவற்றுள் எதனை நம்புவது? இன்று நம் பிள்ளைகள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அயல்நாடுகளிலும் பணிபுரிகின்றனர். "இந்த நோன்பு இக்காலத்துக்கு ஒத்துவராது" என்ற சொல் பல இல்லங்களில் கேட்கிறது. ஆகவே இவ்வினாவைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

நீர் சொட்டிய நாழிகை

தமிழர் பொழுதை இருவகையாகப் பகுத்ததைத் தொல்காப்பியம் வழி அறிவோம். கார், கூதிர் முதலியன பெரும்பொழுது. மாலை, யாமம் முதலியன சிறுபொழுது. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை இக்காலக் கணக்கில் 24 நிமிடம். அதனை அளக்கச் சிறு துளையுடைய கலமும் நீரும் போதுமாயிருந்தன. நாழிகை வட்டில், கன்னல் என்னும் பெயர்களால் அக்கருவி சுட்டப்பட்டது.

பத்துப்பாட்டுள் 103 அடிகளால் அமைந்த மிகச் சிறிய பாட்டு, நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. அதில் இரண்டு காட்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. பாசறையில் அரசனுக்கு, நீர்க்கலத்தைக் கொண்டு பொழுதை அளந்து, இத்தனை நாழிகை ஆயிற்று என்று அறிவிக்கும் பணியாளர் உள்ளனர். அரண்மனையிலோ, அவன் வரவை எதிர்நோக்கித் தேற்றவும் தேறாமல் வருந்தியிருக்கிறாள் அரசி. அங்கே நீரின் கணக்கு. இங்கே நெஞ்சின் கணக்கு. பாசறையில் ஒரே அளவாய்ச் சொட்டும் நாழிகை, அவளுக்கு ஒரே அளவினதாய் இருக்க இயலாது. கருவி அளக்கும் காலமும் உள்ளம் உணரும் காலமும் வேறு என்பதை ஒரு பாட்டுக்குள்ளேயே வைத்துக் காட்டிவிட்டார் புலவர். காத்திருப்போர்க்கு ஒரு நாள் ஏழு நாளாய் நீளும் என்னும் கருத்தை வள்ளுவரும் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்தில் வைத்துள்ளார்.

திருவில்லிபுத்தூரின் விடியலும் மணியோசையும்

இராசபாளையத்துக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூர், காலக்கணிதத்தோடு சிறப்பான தொடர்புடைய ஊர். ஆண்டாளின் திருப்பாவையில் தோழியர் ஒருத்தியை எழுப்புகின்றனர். விடிந்தது என்பதற்குப் பறவைகளின் ஒலி, சங்கொலி, வானத்துக் கோள்களின் நிலை ஆகியவற்றை அடையாளமாக அடுக்குகின்றனர். உறங்குபவளோ எளிதில் எழுகின்றாள் இல்லை. எழுப்புவோர்க்கு விடிந்துவிட்டது, துயில்பவளுக்கு இன்னும் விடியவில்லை. வைணவ உரையாசிரியர்கள் இதற்கு ஆழ்ந்த சமயப்பொருள் கூறுவர். காலவுணர்வு ஆளுக்கு ஆள் மாறும் என்னும் உலகியல் உண்மையும் அதனுள் இருக்கிறது.

அப்பாசுரங்களுள் ஒன்று, வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் குறிக்கிறது. பேராசிரியர் மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' என்னும் ஆராய்ச்சி நூலில் இக்குறிப்பை வானநூற் கணிதத்தோடு பொருத்தி, அது கி.பி. 731ஆம் ஆண்டின் மார்கழி விடியலைக் குறிக்கும் என்று கணித்தார். இம்முடிவை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. துயிலெழுப்பும் தோழியரின் பேச்சுக்குள் ஒரு வான்கடிகாரம் பதிந்திருப்பது மட்டும் வியப்புக்குரியது.

திருமலை நாயக்கர் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்றும் இவ்வூரில் வழங்குகிறது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூசை முடிந்த பின்னரே மதுரையில் அவர் உணவு கொள்வாராம். அதனை அறிய, வழிநெடுக மண்டபங்கள் எழுப்பி மணிகள் கட்டினாராம். ஒரு மண்டபத்து மணியோசையைக் கேட்டு அடுத்த மண்டபத்தார் மணியடிக்க, செய்தி மதுரையை அடையும். இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே ஒலியின் பயணத்துக்கு மட்டுமே மூன்றரை நிமிடத்துக்கு மேலாகும். அதனோடு, ஒவ்வொரு மண்டபத்திலும் காவலன் மணியைக் கேட்டு, உணர்ந்து, கயிற்றை இழுக்கும் கணமும் சேரும். ஆயத்தமாயிருப்பவனுக்கும் ஓசையைக் கேட்டுக் கையை அசைக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். கண்ணயர்ந்திருந்தால் எவ்வளவு ஆகும் என்று யார் சொல்வது? மனித உள்ளங்களையே பற்சக்கரங்களாகக் கோத்த கடிகாரம் அது. உண்பதற்கு முன் ஒரு நேரத்தை எதிர்நோக்கி நின்ற அந்த நோன்பு, நமக்கும் அயலானதன்று.

இருபது நிமிட இடைவெளி

நாயக்கர் காலத்து மணி அவ்வூர்ப் பூசையின் நேரத்தைச் சொன்னது. பின்னர் வந்த கடிகாரமோ எங்கோ ஓர் ஊரின் நேரத்தை எல்லா ஊர்களுக்கும் சொல்லலாயிற்று. 1656இல் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசற்கடிகாரத்தை அமைத்தார். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வானாய்வு நிலையம் நிறுவியது. அந்நிலையத்தின் கணக்கான 'மதராசு நேரம்' இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக வழங்கியது. 1906 சனவரி 1 முதல், கிழக்கு நெடுவரை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் உள்ளூர் நேரத்தை முற்றிலும் கைவிடவில்லை. தன் வானத்தின் பொழுதை விட்டுக்கொடுக்க எவ்வூரும் எளிதில் இசைவதில்லை போலும்.

இராசபாளையம் ஏறத்தாழ 77½ பாகை நெடுவரையில் உள்ளது. பாகை ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், இவ்வூரின் உண்மையான ஞாயிற்று நேரம் இந்தியச் சீர்நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் 12 அடிக்கும்போது இங்கே உச்சிப்பொழுது ஆவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.03 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.34 அளவிலும் ஞாயிறு உச்சிக்கு வருகிறது. நவம்பர் நடுவில் மாலை 5.55 அளவில் மறையும் ஞாயிறு, சூலைத் தொடக்கத்தில் 6.44 அளவில் மறைகிறது. "ஆறு மணிக்குள் உண்டுவிட்டால் போதும்" என்று பொதுவாக எண்ணுவோர் பலர். அவர்கள் கார்த்திகைத் தொடக்கத்தில் தம்மையறியாமலே நோன்பு பிழைக்கின்றனர்.

1927இல் விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதை இவ்விரு ஊர்களையும் ரயில் நேரத்தோடு பிணைத்தது. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லைத் தொடங்கினார். நூற்பாலைகள் பெருகப் பெருக, ஊர்ப்பொழுதை ஆலைச்சங்கு பகுக்கலாயிற்று. 'சங்கு ஊதியாயிற்றா?' என்று கேட்டே அடுப்பு மூட்டிய இல்லங்கள் ஆலை ஊர்களில் பலவுண்டு. விடியலில் கோயிற்சங்கு கேட்டு எழுந்த நாட்டில், நள்ளிரவில் ஊதும் சங்குக்கு எழுந்து பணிக்குச் செல்லும் வாழ்க்கை வந்தது. இயந்திரத்துக்கு இரவும் பகலும் ஒன்றே. ஆனால், அதனை இயக்கும் உடலுக்கு?

மூளைக்குள் உள்ள பொழுது

ஒளியை அறியக் கண்ணும் ஒலியை அறியச் செவியும் உள்ளன. காலத்தை அறிய இவைபோலத் தனிப்பொறி இல்லை. மூளையின் பல பகுதிகள் கூடியே கால அளவை உணர்கின்றன என்பது இன்றைய அறிவியலின் முடிவு.

நாள்முழுவதற்கான ஒரு கடிகாரம் மட்டும் தனியே உண்டு. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி ஒன்றுள்ளது. உறக்கம், விழிப்பு, பசி, உடல்வெப்பம் ஆகியவற்றின் அன்றாடச் சுழற்சியை அது நடத்துகிறது. இயல்பாக அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே மிகுதி; நாள்தோறும் கண்வழிப் புகும் பகலொளிதான் அதனைத் திருத்தி வைக்கிறது. இத்தகைய உயிர்க்கடிகாரம் அணுக்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உணவிலுள்ள சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் உடலுக்குக் காலையில் மிகுதி, இரவில் குறைவு என்பதும் ஆய்வாளர் கண்டது.

நிமிடக் கணக்கை மூளை உணரும் முறையோ எளிதில் தடுமாறுவது. 1930களில் ஹோக்லண்டு என்னும் அமெரிக்க உடலியல் அறிஞரின் மனைவி காய்ச்சலுற்றிருந்தார். மருந்து வாங்கச் சென்ற கணவர் விரைவில் திரும்பியும், நெடுநேரம் சென்றுவிட்டதாக அவர் குறைகூறினார். வியப்புற்ற அறிஞர், நொடிக்கு ஒன்றாக அறுபது வரை எண்ணுமாறு அவரிடம் கூறித் தம் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மையார் அறுபதை எண்ணி முடித்தபோது கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஆகவில்லை. காய்ச்சல் ஏற ஏற எண்ணிக்கை விரைந்தது. உடல்வெப்பம் தணியத் தணிய எண்ணிக்கையும் தணிந்தது.

1962இல் மிஷேல் சிஃப்ரே என்னும் பிரெஞ்சு இளைஞர், கடிகாரமோ பகலொளியோ இல்லாமல் ஆல்ப்சு மலையின் குகை ஒன்றில் ஏறத்தாழ இரண்டு மாதம் தனித்திருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்டு 20 என்றே அவர் எண்ணியிருந்தார். 25 நாட்கள் அவர் நினைவில் இல்லாமற் போயின. ஒருநாளைப்போலவே மறுநாளும் கழிந்ததால், நினைவில் தங்க ஏதுமில்லை. புதுமை நிறைந்த நாட்கள் பின்னர் எண்ணிப் பார்க்கையில் நீண்டு தோன்றுவதும், மாற்றமில்லா நாட்கள் சுருங்கித் தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. முதுமையில் ஆண்டுகள் ஓடுவதுபோல் நமக்குத் தோன்றுவதற்கும் இது ஒரு காரணம் என்பர். அணுக்கடிகாரமோ அப்படியன்று. 1967 முதல், சீசியம் அணு உமிழும் கதிரின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு நொடி. அதற்குக் காய்ச்சல் இல்லை; தனிமை இல்லை; முதுமையும் இல்லை.

மூச்சால் அளந்த முகூர்த்தம்

இனி நம் ஆகமங்கள் கூறுவதைக் காண்போம். சமணம் காலத்தை ஆறு திரவியங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. அது நிச்சய காலம், வியவகார காலம் என இருவகை. பொருள்கள் நிலைபெற்று மாறுவதற்குத் துணையாய் நிற்பது நிச்சய காலம். நாழிகை, நாள், ஆண்டு என்று நாம் வழங்குவது வியவகார காலம். வழக்கிலுள்ள காலம் பொருள்களின் மாற்றத்தைக் கொண்டே அறியப்படுகிறது என்பது, பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றப்படும் குந்தகுந்தர் பஞ்சாஸ்திகாயத்தில் காட்டும் கொள்கை. நம் ஆசாரியர்கள் நரம்பியலை முன்பே கூறிவிட்டனர் என்பது மிகையாகும். அவர்களின் நோக்கம் வேறு. ஆயினும், மாற்றம் இல்லையேல் கால அளவும் இல்லை என்று அவர்கள் கண்டதை, சிஃப்ரேயின் குகையைப் பற்றிப் படிக்கும்போது நினையாதிருக்க முடியவில்லை.

காலத்தின் மிக நுண்ணிய கூறு 'சமயம்'. எண்ணிறந்த சமயங்கள் ஓர் ஆவலி. ஆவலிகள் பல சேர்ந்து ஓர் உயிர்ப்பு. ஏழு உயிர்ப்பு ஒரு ஸ்தோகம். ஏழு ஸ்தோகம் ஒரு லவம். முப்பத்தெட்டரை லவம் ஒரு நாழிகை. இரு நாழிகை ஒரு முகூர்த்தம். பெருக்கிப் பார்த்தால் ஒரு முகூர்த்தத்துக்கு 3,773 உயிர்ப்புகள் ஆகும். முகூர்த்தம் 48 நிமிடம் ஆதலின், நிமிடத்துக்கு ஏறத்தாழ 79 வருகிறது. அமைதியாய் இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறையே மூச்சுவிடுவர். நாடித்துடிப்போ 60 முதல் 100 வரை. ஆகவே இவ்வளவு நாடித்துடிப்போடு பெரிதும் பொருந்துகிறது.

யாருடைய உயிர்ப்பு இதற்கு அளவுகோல்? பத்தாம் நூற்றாண்டில், சாமுண்டராயர் காலத்தில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசாரத்தில் இதற்கு விடை கூறுகிறார். குறையின்றி வாழ்பவனும், சோம்பல் இல்லாதவனும், நோயற்றவனுமான ஒருவனின் உயிர்ப்பே அளவு என்கிறார். இந்நிபந்தனைகளை மேலோட்டமாகக் கடந்துவிடலாகாது. கவலையுற்றவன், சோம்பியவன், நோயுற்றவன் ஆகியோரின் உயிர்ப்பைக் கொண்டு காலத்தை அளந்தால் பிழைபடும் என்னும் தெளிவு அவற்றுள் இருக்கிறது. ஹோக்லண்டின் இல்லத்தில் காய்ச்சலுற்ற அம்மையாரின் எண்ணிக்கை மெய்ப்பித்ததும் இதுவன்றோ?

இப்போது இரு நாழிகையின் காரணம் எனக்குப் புலனாகிறது. கடிகாரம் ஊரின் ஞாயிற்றினின்று இருபது நிமிடம் விலகி நிற்கிறது. மலை ஞாயிற்றை முன்னரே மறைக்கிறது. முகில் மூடினால் அதுவும் தெரியாது. பசித்தவனின் மனம் "இன்னும் பொழுதிருக்கிறது" என்று சொல்லும். பேச்சில் ஆழ்ந்தவனுக்கோ பொழுது போனதே தெரியாது. இத்தனை தடுமாற்றத்துக்கும் இடங்கொடுத்து, அவற்றைவிடப் பெரிதாக ஓர் இடைவெளியை முன்னோர் விட்டுவைத்தனர். வயலில் வரப்பை ஒட்டி ஏரோட்டாமல் ஒரு சாண் விட்டு உழுவதுபோன்றது அது. நூல்கள் இதனைக் காரணமாக எடுத்துரைக்கின்றன என்று நான் கூறவில்லை; அவ்வழக்கின் பயனாக நான் உணர்ந்தது இதுவே. அன்று தேநீர் கொணர்ந்த நண்பருக்கு இவ்விடையைச் சொல்லியிருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். நோன்பின் உயிர், கொல்லாமையும் விழிப்பும். இரவுப் பணிக்குச் செல்லும் மகன் முழு நோன்பையும் காக்க இயலாமற் போகலாம். கோடையில் ஒன்பது மணிக்கு மேலும் ஞாயிறு மறையாத இலண்டனில் வாழும் மகள், நேரத்தைப் புதிதாய்க் கணக்கிட வேண்டியிருக்கலாம். முழுவதும் இயலவில்லை என்பதற்காக முழுவதையும் விட்டுவிட வேண்டுவதில்லை. இயன்ற நாட்களில் அவ்வூர் ஞாயிற்றின் நேரத்தைப் பார்த்து, இரு நாழிகை முன்னே நிறுத்திக்கொள்வது ஒரு நல்ல தொடக்கம். ஞாயிற்றின் நேரம் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

சாமாயிகத்துக்கும் அதே இரு நாழிகை அளவு வழங்குகிறது. ஒன்றன்மேல் மனத்தை நிறுத்தும் தியானம் அந்தர்முகூர்த்தம் வரையே நிற்கும் என்று தத்துவார்த்த சூத்திரம் எல்லை வகுக்கிறது. மனத்தின் வலிமையையும் எளிமையையும் அறிந்தோர் வகுத்த எல்லை அது. முதல்நாள் சாமாயிகத்தில் அமர்ந்தவருக்கு 48 நிமிடம் ஓர் ஊழியாய்த் தோன்றும். பழகியவருக்கு மணியோசை கேட்டு 'அதற்குள்ளா?' என்று தோன்றும். கடிகாரம் மாறவில்லை, மாறியவர் அவரே.

இவ்வூர்களுக்குத் தென்கிழக்கே, கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே கழுகுமலை இருக்கிறது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே பாறையில் வடித்த தீர்த்தங்கரர்கள் இன்றும் அசைவின்றி அமர்ந்துள்ளனர். கீழேயுள்ள வட்டெழுத்துகள் அவற்றைச் செய்வித்த ஆசிரியர், மாணாக்கர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அம்மலைமீது அமர்ந்து தவம்புரிந்தோர்க்குக் கடிகாரம் இல்லை. ஞாயிறும் நிழலும் தம் ஒழுக்கமுமே பொழுதைக் காட்டின.

தீபத் திருநாளன்று நாம் போற்றும் வர்த்தமானர், பாவாபுரியில் அமாவாசை இரவின் இறுதியில், விடியலுக்கு முன் வீடுபேறு எய்தினார். அந்நாள் மாலையிலேயே கௌதம கணதரர் கேவலஞானம் பெற்றார். கி.மு. 527இல் நிகழ்ந்த அந்த விடியலிலிருந்து வீர நிர்வாண ஆண்டை எண்ணி வருகிறோம். ஒரு விடியலுக்கும் ஒரு மாலைக்கும் இடையே ஒரு பகல், அவ்வளவுதான் கணக்கு. அதற்குள் கௌதமரின் துயரம் ஞானமாயிற்று. நம் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு அறுபது நாழிகை கிடைக்கிறது. அவற்றுள் இரண்டையேனும் விழிப்போடு கழிக்க இத்திருநாளில் உறுதி கொள்வோமாக.

அறம் வளர்க! அருகன் அருள் நிறைக!